மலை பாடும் கோடை

மலையாளக் கும்பம் மாதம் தொடங்கி மேடம் வரை திருவனந்தபுரத்தின் கிழக்கு மலையோரம் முழுக்கத் திருவிழாக் காலம். அந்தக் கலைகளை மேடையேற்ற அரசு தயார், பார்க்கச் சுற்றுலாப் பயணிகளும் தயார். கலைக்கு உரியவர்களின் சொல் மட்டும் ஏன் கடைசியில் கேட்கப்படுகிறது?

2023 நவம்பர் முதல் வாரம். திருவனந்தபுரம் கனகக்குன்று அரண்மனை வளாகம். 'கேரளீயம்' விழாவுக்காக நகரமே விளக்குகளால் ஜொலிக்கிறது. வளாகத்தின் ஒரு பகுதியில் ஓலை வேய்ந்த குடிசைகள். அவற்றின் முன்னால் முகத்தில் வண்ணம் பூசி, பழைய கால உடை உடுத்து மலைவாழ் மக்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். கூட்டமாக வரும் நகரவாசிகள் சற்று நின்று கைப்பேசியை உயர்த்திப் படம் எடுக்கிறார்கள். அடுத்த குடிசைக்கு நகர்கிறார்கள். அந்தப் பகுதிக்கு வைத்த பெயர் 'ஆதிமம்'. 'வாழும் அருங்காட்சியகம்' என்ற விளக்கமும் கூடவே இருந்தது.

காணிகளின் சாற்றுப்பாட்டு, மன்னான்களின் கூத்து, பளியர் நடனம், மாவிலர்களின் மங்கலங்களி, பணியர்களின் வட்டக்களி என ஐந்து சமூகங்களின் கலைகள் அங்கே இடம்பெற்றன. படங்கள் பரவியதும் எதிர்ப்பு வெடித்தது. மனிதர்களைக் காட்சிப் பொருளாக்கலாமா என்று எழுத்தாளர்களும் பழங்குடிச் செயல்பாட்டாளர்களும் கேட்டார்கள். அவர்கள் கலை நிகழ்த்த வந்த கலைஞர்கள், நிகழ்ச்சிகளுக்கு இடையே குடிசைகளின் முன் உட்கார்ந்திருந்தார்கள் என்று கேரள ஃபோக்லோர் அகாடமி விளக்கம் தந்தது. பழங்குடியினரைக் காட்சிப்படுத்தக் கூடாது என்று பழங்குடியினர் நலத்துறை அமைச்சராக இருந்த கே.ராதாகிருஷ்ணனே வெளிப்படையாகச் சொன்னார். 1958-ல் பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் கொங்கோ மக்களை மூங்கில் வேலிக்குள் 'கிராமம்' அமைத்து உட்கார வைத்ததை ஐரோப்பா இன்றுவரை வெட்கத்தோடு பேசுகிறது. கனகக்குன்றில் வேலி இல்லை, சம்பளம் இருந்தது, நோக்கமும் வேறு. ஆனாலும் பார்ப்பவருக்கும் பார்க்கப்படுபவருக்கும் நடுவே விழுந்த தூரம் அதே தூரம்தான்.

அந்த ஐந்து சமூகங்களில் ஒன்றான காணிகளின் மலை கனகக்குன்றிலிருந்து ரொம்பத் தொலைவில் இல்லை. காட்டாக்கடை, குற்றிச்சல் வழியாகக் கோட்டூருக்கோ, நெடுமங்காடு, விதுரை வழியாகக் கல்லாறுக்கோ காலையில் கிளம்பினால் வெயில் ஏறும்முன் போய்விடலாம். அங்கே இதே பாட்டு மேடையோ ஒலிபெருக்கியோ இல்லாமல், தன் சொந்தக் காரணத்துக்காகப் பாடப்படுகிறது. கோடை விழாக்கள் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் பெருகிவரும் இந்த நேரத்தில் இந்த இரண்டு இடங்களுக்கும் உள்ள வேறுபாட்டைப் பேசியே ஆக வேண்டும்.

கும்பம் முதல் பத்தாமுதயம் வரை

திருவனந்தபுரம் என்றதும் கோவளம் கடற்கரையும் பத்மநாபசுவாமி கோயிலும் நினைவுக்கு வரும். ஆனால் மாவட்டத்தின் கிழக்குப் பாதி முழுக்க மலை. நெய்யாறு, பேப்பாறை சரணாலயங்கள், பொன்முடி, போணக்காடு, பாலோடு, அம்பூரி என அகத்தியமலையின் மேற்குச் சரிவு இறங்கி வருகிறது. மலையும் ஊரும் கலக்கும் அந்த விளிம்பை 'மலையோரம்' என்கிறார்கள். காணிக் குடியிருப்புகள், ரப்பர் தோட்டக்காரர்கள், தேயிலைக்கு வந்த தமிழர்கள், நாஞ்சில் பக்கத்திலிருந்து குடியேறியவர்கள் என்று பலரும் கலந்து வாழும் பகுதி.

இங்கே விழாக் காலத்தை மழைதான் தீர்மானிக்கிறது. ஜூன் தொடக்கத்தில் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் மலைப்பாதை வழுக்கும், ஓடைகள் பெருகும், இரவு முழுக்க வெளியில் உட்கார முடியாது. ஆகவே கும்பம், மீனம், மேடம் ஆகிய மூன்று மாதங்களில், அதாவது நம் மாசி, பங்குனி, சித்திரையில், கொடியேற்றமும் கொடையும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. விஷு முடிந்து மேடம் பத்தாம் நாள் வரும் பத்தாமுதயம் விதைப்புக்கு உகந்த நாள் என்பது கேரள வழக்கம். அறுவடை முடிந்து கை ஓய்ந்த நேரம், அடுத்த விதைப்புக்கு முந்திய இடைவெளி, பள்ளி விடுமுறை. மூன்றும் ஒன்றாக அமைவதால் மலையோரத்தில் குழந்தைகளும் பெரியவர்களும் சேர்ந்து இரவு விழிக்கும் ஒரே பருவம் இதுதான்.

இந்த விழாக்கள் ஒரு மதத்துக்கு மட்டும் உரியவையல்ல. வெள்ளறடைக்கு அருகே, தமிழக எல்லையில் ஒரே மலைத்தொடரில் தெக்கன் குருசுமலையும் காளிமலையும் இருக்கின்றன. தவக்காலத்தில் சிலுவையோடு மலையேறும் கிறிஸ்தவர்கள் ஒரு பக்கம், சித்ரா பௌர்ணமிக்குப் பொங்கல் வைக்கக் காளிமலை ஏறும் பெண்கள் மறுபக்கம். மலையாளமும் தமிழும் இரண்டு பாதைகளிலும் கேட்கும். 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன; நெய்யாற்றின்கரையும் நெடுமங்காடும் கேரளத்தில் தங்கின. மாநில எல்லை மலை முகட்டில் விழுந்தது. பக்தர்களும் பாட்டுக்காரர்களும் அந்த எல்லையைக் கடந்து போய்வந்துகொண்டேதான் இருக்கிறார்கள்.

கொக்கரையின் ஒலி

காணிகளின் சாற்றுப்பாட்டு பொழுதுபோக்குக்காகப் பிறந்ததல்ல. நோய் தீர, கேடு விலக, விளைச்சல் செழிக்க மலைத் தெய்வங்களையும் முன்னோரையும் அழைத்துப் பாடுவது. பாடுபவர் 'பிலாத்தி'. அவர் பூசாரி, வைத்தியர், பாடகர் மூன்றும் ஆனவர். அவர் கையில் இருப்பது கொக்கரை. இரும்புத் தகட்டைக் குழலாகச் சுருட்டி, திறந்த விளிம்பில் பல் பல்லாக வெட்டியிருப்பார்கள். சிறு இரும்புக் கம்பியால் அந்தப் பற்களைத் தேய்த்தால் கரகரவென்ற தாளம் எழும். பிலாத்தி ஓர் அடி பாட, சுற்றியிருப்பவர்கள் திருப்பிப் பாடுவார்கள். இரவில் தொடங்கினால் விடியும்வரை நீளும்.

ஊர் நிர்வாகத்துக்கும் இந்தப் பாட்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 'மூட்டுக்காணி' ஊர்த் தலைவர். 'விளிக்காணி' ஊரைக் கூட்டுபவர். எப்போது பாடுவது, யாருக்காகப் பாடுவது, யார் வரலாம் என்பதை இவர்களும் பிலாத்தியும் பேசி முடிவு செய்வது பழைய முறை. பாட்டின் உயிர் இந்த முடிவில்தான் இருக்கிறது. தேதியை வேறொருவர் குறித்து, பத்து நிமிடம் என்று நேரத்தையும் வேறொருவர் அளந்து தரும்போது மிஞ்சுவது ராகமும் உடையும் மட்டுமே.

கல்லாறு வனப்பகுதியைச் சேர்ந்த லட்சுமிக்குட்டியை எண்ணிப் பார்க்கலாம். 2018-ல் பத்மஸ்ரீ பெற்ற இந்தக் காணி மூதாட்டி, விஷமுறிவு மருத்துவத்துக்காகக் கேரளம் முழுக்க அறியப்பட்டவர். சுமார் 500 மருந்துகளை ஏட்டில் எழுதாமல் நினைவிலேயே வைத்திருப்பவர் என்று அவரைப் பற்றிய குறிப்புகள் சொல்கின்றன. அவர் கவிதையும் நாடகமும் எழுதுகிறவர். ஃபோக்லோர் அகாடமியில் பாடம் நடத்தியவர். செடியின் பெயர், அது பூக்கும் மாதம், அதன் தெய்வம், அதற்கான பாட்டு எல்லாம் ஒரே நினைவில் சேர்ந்திருக்கும் மரபு இது. பாட்டை மட்டும் தனியே பிடுங்கி எடுத்தால் வேர் அறுந்துபோகும்.

■ பெட்டிச் செய்தி: அகத்தியமலை

• அகத்தியர்கூடம் சிகரத்தின் உயரம் 1,868 மீட்டர். திருவனந்தபுரம், திருநெல்வேலி மாவட்ட எல்லையில் நிற்கிறது.
• 2001-ல் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. பரப்பு சுமார் 3,500 சதுர கிலோமீட்டர். கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் பொது.
• 2016-ல் யுனெஸ்கோவின் உலக உயிர்க்கோளக் காப்பகப் பட்டியலில் இடம்பெற்றது. இங்கே 2,200-க்கும் மேற்பட்ட தாவர இனங்கள் உள்ளன.
• நெய்யாறு சரணாலயம் 1958-லும், பேப்பாறை சரணாலயம் 1983-லும் அறிவிக்கப்பட்டன.
• 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி கேரளத்தில் காணிகள் சுமார் 21 ஆயிரம் பேர். தமிழ்நாட்டில் கன்னியாகுமரி, திருநெல்வேலி மலைகளில் வாழ்கிறார்கள்.
• ஓணத்துக்கு முன்பு தேனும் காட்டு விளைச்சலும் சுமந்து கவடியார் அரண்மனைக்குப் போவது காணிகளின் நீண்ட நாள் வழக்கம். மார்த்தாண்ட வர்மாவுக்குத் தங்கள் முன்னோர் காட்டில் அடைக்கலம் கொடுத்ததாக அவர்கள் மரபு சொல்கிறது.

தமிழ் கலந்த களம்

மலையோரத்தின் கோடை இரவுகளில் ஒரு தமிழர் போய் உட்கார்ந்தால் பாதிக்கு மேல் புரிந்துவிடும். தென்திருவிதாங்கூரின் நாட்டார் கலைகளில் தமிழ் அவ்வளவு ஆழமாகக் கலந்திருக்கிறது.

காக்காரிசி நாடகம் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சிவனும் பார்வதியும் குறி சொல்லும் நாடோடிகளாக, காக்காலனும் காக்காத்தியுமாக உலகத்துக்கு வருகிறார்கள். ஊர்த் தம்புரான் மேடைக்கு வெளியே நின்று, நீ யார், எங்கிருந்து வருகிறாய், என்ன தொழில் என்று கேள்வி மேல் கேள்வி கேட்கிறார். காக்காலன் பாட்டாலும் கேலியாலும் பதில் சொல்கிறான். வீடில்லாத ஏழையை அதிகாரம் விசாரிக்கிறது. அந்த ஏழையோ கடவுள். தமிழும் மலையாளமும் கலந்த வசனத்தில் சாதியையும் செருக்கையும் ஊர் நடுவில் நையாண்டி செய்த கலை இது. கொல்லம், திருவனந்தபுரம் வட்டாரத்தில் கோயில் விழாக்களை நம்பி வாழ்ந்த இதன் குழுக்கள், கானமேளாவும் மிமிக்ரியும் வந்தபிறகு தேய்ந்தன.

வில்லுப்பாட்டு இன்னொரு பாலம். நாஞ்சில் நாட்டுக் கொடைகளில் கேட்கும் அதே வில், எல்லைக்கு அப்பால் 'வில்லடிச்சான் பாட்டு' என்று ஒலிக்கிறது. திருமலை நாயக்கர் படையை எதிர்த்துக் கணியாகுளத்தில் மடிந்த இரவிக்குட்டிப் பிள்ளையின் கதை இரு புறமும் பாடப்பட்டது. கோவளம் ஔவாடுதுறையைச் சேர்ந்த அய்யிப்பிள்ளை ஆசானின் ராமகதைப்பாட்டு தமிழ் மணக்கும் மொழியில் அமைந்தது. அதற்கான தாளக்கருவி சந்திரவளையம். அதை இன்று நெடுமங்காட்டில், உமயம்மை ராணியின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் கோயிக்கல் அரண்மனையில் பார்க்கலாம். தொல்லியல் துறை அங்கே நாட்டார் கலை அருங்காட்சியகம் நடத்துகிறது.

முடிப்புரை எனப்படும் தேவி கோயில்களில் பாடப்படும் தோற்றம் பாட்டு நமக்கு இன்னும் நெருக்கம். காளியின் கதையோடு கண்ணகியின் கதை கலந்து, கோவலன் கொலையும் பாண்டியன் வீழ்ச்சியும் நாள்கணக்கில் பாடப்படுகின்றன. ஆற்றுகாலில் பாண்டியன் வதம் பாடி முடிந்த பிறகுதான் பொங்கல் அடுப்பு பற்றும். 2009-ல் 25 லட்சம் பெண்கள் பொங்கலிட்டதாகக் கின்னஸ் பதிவு செய்த கோயில் அது. கூட்டத்தைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். பத்து நாள் உட்கார்ந்து கண்ணகியைப் பாடுகிற பாட்டுக்காரரைத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? சிலப்பதிகாரத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடும் நாம், அந்தக் கதை மக்கள் வழிபாடாக உயிரோடிருக்கும் இந்த முற்றங்களுக்குப் போய் உட்கார்ந்திருக்க வேண்டும்.

பட்டியலில் இல்லாத காணி

2025 ஜனவரி 4 முதல் 8 வரை திருவனந்தபுரத்தில் கேரளத்தின் 63-வது மாநிலப் பள்ளிக் கலோத்சவம் நடந்தது. முதல் முறையாகப் பழங்குடிக் கலைகள் போட்டிப் பிரிவுகளில் சேர்க்கப்பட்டன. மங்கலங்களி, பணிய நிருத்தம், இருள நிருத்தம், பளிய நிருத்தம், மலைப்புலைய ஆட்டம் என ஐந்து.

இது பெரிய முன்னேற்றம். பரதநாட்டியத்துக்கும் மோகினியாட்டத்துக்கும் பரிசு கொடுத்துவந்த மேடை, வயநாட்டுப் பாடிகளிலும் அட்டப்பாடி ஊர்களிலும் ஆடப்படும் கலைக்கும் அதே பரிசைக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறது. பழங்குடிக் கலைஞர்கள் ஆசிரியர்களாகப் பள்ளிகளுக்குள் போயிருக்கிறார்கள். தாத்தா பாட்டியின் ஆட்டத்தைச் சொல்லக் கூச்சப்பட்ட பிள்ளை, வகுப்பில் நிமிர்ந்து நிற்க இது வழி செய்கிறது.

அந்த ஐந்தில் காணிகளின் கலை இல்லை. விழா நடந்தது அவர்கள் மாவட்டத்தின் தலைநகரில். 'ஆதிமம்' குடிசை முன் உட்காரச் சாற்றுப்பாட்டுக்கு அழைப்பு வந்தது; பள்ளி மேடைக்கு வரவில்லை. நோய் தீர்க்கும் சடங்குப் பாட்டைப் போட்டியாக்க முடியாது என்று காரணம் சொல்லலாம். அந்தக் காரணத்தைக் காணிகளே சொல்லியிருந்தால் அதைவிட நல்ல முடிவு இருக்க முடியாது. எதைக் கொடுப்பது, எதைக் கொடுக்காமல் வைத்துக்கொள்வது என்று தீர்மானிக்கும் உரிமையும் மரபின் ஒரு பகுதிதான்.

போட்டி மேடைக்கு வந்துவிட்ட கலைகளுக்கும் கவலை இருக்கிறது. மங்கலங்களி மாவிலர், மலைவேட்டுவர் வீட்டுக் கல்யாணப் பந்தலில் இரவு முழுக்க ஆடுவது. மேடையில் அதற்குச் சில நிமிடங்கள், ஒரே மாதிரி உடை, நடுவர் மதிப்பெண். பத்து ஆண்டுகள் கழித்துப் பரிசு பெற்ற வடிவமே 'சரியான' வடிவம் என்று ஊருக்கே திரும்பி வந்தால், அப்போது ஊர் தன் ஆட்டத்தையே மறந்திருக்கும். பயிற்றுநராகவும் நடுவராகவும் அந்தச் சமூகத்தவரே இருப்பது ஒன்றுதான் இதற்குக் காப்பு.

செடிக்குப் பங்கு உண்டு, பாட்டுக்கு?

கலையால் வரும் வருமானம் யாருக்கு என்ற கேள்விக்கு இதே மலையில் ஒரு பழைய பாடம் இருக்கிறது.

1987-ல் டாக்டர் பி.புஷ்பாங்கதன் தலைமையிலான ஆய்வுக் குழு அகத்தியமலைக்குப் போனது. மலையேற்றத்தில் ஆய்வாளர்கள் களைத்துப்போக, வழிகாட்டிகளாக வந்த காணிகள் மட்டும் சோர்வில்லாமல் நடந்தார்கள். அவர்கள் நடுநடுவே ஒரு சிறு காயைத் தின்றுகொண்டிருந்தார்கள். அதுவே 'ஆரோக்கியப் பச்சை' என்று பிறகு புகழ்பெற்ற செடி. பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கி, கோவையைச் சேர்ந்த ஆர்ய வைத்ய பார்மசிக்கு உரிமம் தந்தது. உரிமக் கட்டணம் 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம் ராயல்டி. இரண்டிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவானது. அந்தப் பணத்துக்காக 1997-ல் காணிகளின் நல அறக்கட்டளை பதிவானது.

பழங்குடி அறிவுக்குப் பங்கு கொடுத்த உலகின் முதல் முயற்சிகளில் ஒன்று என்று இது பாராட்டப்பட்டது. குறைகளும் இருந்தன. ஒரு பகுதிக் காணிகளிடம் பேசிவிட்டு எல்லோருக்குமாக முடிவெடுத்துவிட்டார்கள் என்று மற்ற ஊர்க் காணிகள் எதிர்த்தார்கள். செடியைப் பயிரிட்டு விற்க வனத்துறை விதிகள் தடையாக நின்றன. எதிர்பார்த்த வருமானம் தொடர்ந்து வரவில்லை. ஆனாலும் அறிவுக்குச் சொந்தக்காரர் உண்டு, அவருக்குப் பங்கும் உண்டு என்ற கொள்கை அங்கே நிலைத்தது. 2002-ல் வந்த பல்லுயிர்ச் சட்டம் அதை நாடு முழுவதற்குமான விதியாக்கியது.

பாட்டுக்கு அப்படி ஒரு விதி இன்றுவரை இல்லை. பதிப்புரிமைச் சட்டம் தனியொருவர் படைப்பைக் காக்கும், நிகழ்த்துபவரின் உரிமையையும் சொல்லும். தலைமுறைகளாக ஒரு சமூகமே பாடிவரும் பாட்டை யார் பெயரில் பதிவது என்ற கேள்விக்கு அதில் பதில் கிடையாது. கொக்கரை ஒலியைப் பதிவு செய்து திரைப்படத்துக்கோ சுற்றுலா விளம்பரத்துக்கோ பயன்படுத்தினால் காணி ஊருக்கு ஒரு ரூபாய் போக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. வேரும் காயும் பெற்ற மதிப்பைப் பாட்டும் பெற வேண்டும். மரபுக் கலைகளைக் காக்கும் யுனெஸ்கோவின் 2003 உடன்படிக்கையை இந்தியா 2005-ல் ஏற்றது. உரிய சமூகத்தின் பங்கேற்பு அதன் அடிப்படை. அதை மாவட்ட அளவிலான விழா ஒப்பந்தத்தில்கூட எழுதிவைக்க முடியும். டெல்லியில் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

கூட்டம் ஏறினால் காடு தாங்குமா?

விழாவை ஊரிலேயே நடத்தினால் போதும் என்று சொல்லி ஒதுங்கவும் முடியாது. மலை சிறியது, கூட்டம் பெரியது.

பாபநாசம் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் ஆடி அமாவாசைக்கு நடப்பதைத் தமிழ்நாடு பார்த்துவருகிறது. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் கோயில். லட்சக்கணக்கில் மக்கள் குடில் போட்டுத் தங்க, தாமிரபரணியில் துணியும் பிளாஸ்டிக்கும் சேர, தங்கும் நாட்களுக்கும் வாகனங்களுக்கும் கட்டுப்பாடு வந்தது. பக்தர்களுக்கு வருத்தம், காட்டுக்கு அவசியம். அகத்தியமலையின் மறுபுறம் நடந்தது இந்தப் புறமும் நடக்கக்கூடும்.

கோடையில் தீ இன்னொரு அபாயம். 2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்ததை மறக்க முடியாது. புல் காய்ந்த மாதத்தில் வெடியும் பந்தமும் அணையாத பீடியும் என்ன செய்யும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். யானையும் காட்டெருமையும் தண்ணீர் தேடிக் கீழே இறங்குவதும் இதே மாதங்களில்தான். மனித, வனவிலங்கு மோதலை மாநிலப் பேரிடராக 2024 மார்ச்சில் கேரளம் அறிவித்தது. இரவு முழுக்க நடக்கும் விழாவுக்கு வெளியூர்க்காரர்களைக் கூட்டிவந்தால், விடியற்காலையில் அவர்கள் காட்டுப்பாதையில் திரும்புவதற்கும் பொறுப்பேற்க வேண்டும்.

2023 அக்டோபரில் ஆசிய மலைச் சைக்கிள் போட்டி பொன்முடியில் நடந்தது. சாலையும் வசதியும் வேகமாக வந்தன. அரசு மனம் வைத்தால் மலைக்கு எதுவும் வரும் என்று காட்டிய நிகழ்ச்சி அது. அதே மனதோடு கழிப்பறை, குடிநீர், குப்பை அகற்றல், முதலுதவி ஆகியவற்றை ஊர்த் திருவிழாக்களுக்கும் கொடுக்கலாம். இவை கலையைத் தொடாதவை. அரசு செய்ய வேண்டியதும் இவைதான்.

■ பெட்டிச் செய்தி: மலைத் திருவிழாவுக்குப் போகிறீர்களா?

• வனப்பகுதிக் குடியிருப்புகளுக்குள் போக வனத்துறை அனுமதியும், அதற்கு முன் ஊர்க்காரர்களின் சம்மதமும் அவசியம்.
• சடங்குப் பாட்டைப் படம் பிடிக்கலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிடுங்கள்.
• தேன், மிளகு, மூங்கில் பொருட்களை ஊரிலேயே, சொல்லும் விலைக்கு வாங்குங்கள்.
• பிளாஸ்டிக்கும் மதுவும் மலைக்கு வேண்டாம். கொண்டுபோன குப்பை உங்களோடே திரும்பட்டும்.
• முதல் முறை போகிறவர்கள் நெடுமங்காடு கோயிக்கல் அரண்மனை அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டுப் போனால் கருவிகளும் கதைகளும் பிடிபடும்.

எஸ்டேட் மூடினால் திருவிழாவும் மூடும்

மலையோரத்தின் கோடையில் சத்தமில்லாமல் மறைந்துவரும் இன்னொரு பகுதி, தேயிலைத் தோட்டத் தமிழர்களுடையது. போணக்காட்டிலும் பொன்முடியிலும் பிரிட்டிஷ் காலத்தில் தோட்டங்கள் எழுந்தபோது மலைக்கு அப்பாலிருந்து தொழிலாளர்கள் வந்தார்கள். லயங்களின் வரிசைக்கு நடுவே அம்மன் கோயில், வருடம் ஒருமுறை கொடை, கரகம், முளைப்பாரி. மலையாள நாட்டில் ஒரு தமிழ்த் தலைமுறை தன்னைத் தானே நினைவில் வைத்துக்கொண்ட வழி அது.

போணக்காடு தேயிலை ஆலை இன்று பூட்டிக் கிடக்கிறது. கூலி நின்ற பிறகு பிள்ளைகள் கீழே நகரத்துக்கு வேலைக்குப் போனார்கள். ஒழுகும் லயங்களில் முதியவர்களே மிஞ்சினார்கள். வரி கொடுக்க ஆள் இல்லாத ஊரில் கொடை எப்படி நடக்கும்? பாரம்பரியக் கலைக்கு மானியம் தரும் திட்டங்கள் காணியைக் கணக்கில் எடுக்கின்றன, கோயில் மேளக்காரரை எடுக்கின்றன. தோட்டத் தமிழரின் கரகாட்டத்தை நினைப்பவர் குறைவு. வேலை போனால் கலையும் போகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான இடம் கிடையாது. கலையைக் காப்பாற்றுவது என்றால் அதற்கு உரியவர் அந்த மலையில் வாழ வழி இருக்க வேண்டும். காணிக்கு 2006 வன உரிமைச் சட்டப்படி நிலமும் வனப்பொருளும், தோட்டத் தமிழருக்கு நிலுவைக் கூலியும் வீடும் கிடைக்கட்டும். கொக்கரையும் கரகமும் தாமே நிலைக்கும்.

கையில் இருக்கும் வழிகள்

புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கேரளத்தில் இதற்கான அமைப்புகள் ஏற்கெனவே உள்ளன.

முதலாவது நூலகம். 1945-ல் பி.என்.பணிக்கர் அம்பலப்புழையில் 47 நூலகங்களைச் சேர்த்துத் தொடங்கிய கிரந்தசாலா சங்கம் வளர்த்த நூலக இயக்கம், இன்று கேரளத்தின் கிராமம்தோறும் கிளை விரித்திருக்கிறது. மலையோர ஊர்களில் நூலக ஆண்டு விழா, பாலவேதி என்ற சிறுவர் மன்றம், கோடை நாடக முகாம் நடப்பது இந்த நூலக முற்றங்களில்தான். மைக் செட்டும் நாற்காலியும் சொந்தமாக இருக்கும். முடிவெடுப்பவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள். விடுமுறைப் பிள்ளைகளை ஒரு வாரம் காக்காரிசிக் கலைஞரிடமோ வில்லுப்பாட்டுக்காரரிடமோ உட்கார வைக்க இதைவிட நல்ல இடம் இல்லை.

இரண்டாவது வஜ்ர ஜூபிலி பெலோஷிப். கலாசாரத் துறை ஆயிரம் இளம் கலைஞர்களைத் தேர்ந்து, மாத உதவித்தொகை தந்து, உள்ளாட்சிகள் மூலம் கிராமங்களில் இலவசமாகக் கலை கற்பிக்க அனுப்பும் திட்டம். வெளியூரிலிருந்து ஓர் ஆசிரியர் மலைக்கு வருவதோடு இது நிற்கக் கூடாது. மலையில் இருக்கும் பிலாத்தியும் பாட்டுக்காரரும் சான்றிதழ் இல்லாமலேயே இந்தத் தொகைக்கு உரியவர்கள் ஆக வேண்டும்.

மூன்றாவது பஞ்சாயத்து. 1996-ல் மக்கள் திட்டம் தொடங்கியதிலிருந்து கேரளப் பஞ்சாயத்துகளிடம் செலவிடும் அதிகாரமும் பழங்குடித் துணைத்திட்ட நிதியும் உண்டு. மலையோர விழாவுக்கு ஒரு சிறு தொகையை ஒதுக்கி, அதை ஊர்க்கூட்டமே செலவிட விடலாம். உணவுக் கடையைக் குடும்பஸ்ரீ மகளிர் குழுப் பெண்கள் நடத்தினால் வந்தவர்களின் பணம் ஊரிலேயே தங்கும்.

தமிழ்நாட்டுக்கும் இதில் பாடம் உண்டு. உதகையில் 1896-ல் தொடங்கிய மலர்க் கண்காட்சி, இன்று மே மாதம் முழுக்க நீலகிரியை நிறைக்கும் கோடை விழாவின் தலை நிகழ்ச்சி. பூவுக்குக் கொடுக்கும் இடத்தில் பத்தில் ஒரு பங்காவது தோடர், கோத்தர், இருளர், குறும்பர் கையில் நேரடியாகத் தரப்பட வேண்டும்: நிகழ்ச்சி நிரலை அவர்கள் எழுதட்டும், அரங்கை அவர்கள் நடத்தட்டும், கட்டணத்தை அவர்கள் வாங்கட்டும். தோடர் பூத்தையலுக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு போர்வைக்குச் சொந்தக்காரர் யார் என்று சட்டம் ஒப்புக்கொண்ட நாட்டில், ஒரு பாட்டுக்குச் சொந்தக்காரர் யார் என்று ஒப்புக்கொள்வது முடியாத காரியமல்ல.

காணியோ, காக்காரிசிக் கலைஞரோ, தோட்டத்துத் தமிழரோ, அவர்கள் கேட்பது பரிதாபம் அல்ல. மூன்று முடிவுகள் அவர்கள் கையில் இருந்தால் போதும்: எந்த நாளில், எந்த இடத்தில், என்ன விலைக்கு. இந்த மூன்றையும் விட்டுக்கொடுக்கும் துணிவு உள்ள அரசும், அழைக்கும்போது போய், அழைக்காதபோது காத்திருக்கும் பண்பு உள்ள பார்வையாளரும் சேர்ந்தால் மலையோரக் கோடைக்குக் குறைவே வராது. அடுத்த கும்பத்துக்குள் திருவனந்தபுரம் மாவட்ட நிர்வாகமும் ஃபோக்லோர் அகாடமியும் காணி ஊர்க்கூட்டங்களோடு உட்கார்ந்து இதை எழுத்தில் கொண்டுவர வேண்டும். கனகக்குன்றில் நேர்ந்த தவறுக்கு அதுவே சரியான பரிகாரம்.